டைல்ஸ் நடுவே கருப்புக் கோடு

என் நாத்தனாருக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம். அடக்கம் என்று யாரும் ஏமாற வேண்டாம். நான் ஒழுங்காகப் பெருக்கியிருக்கிறேனா என்று பார்ப்பாள். போன பொங்கலுக்கு வானகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், என் அம்மா ஹாலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"இன்னா அண்ணி, இந்தக் கருப்புக் கோடு டைல்ஸ்லயே வந்த டிசைனா? எங்க ஊட்ல வெள்ளையா கீது."

டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளை சிமெண்ட் அது. போர்வெல் தண்ணீரும் நாங்கள் கொட்டிய சாம்பாரும் சேர்ந்து கருப்பாக்கியிருந்தன. அம்மா டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் ஒரு கோட்டைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மகள் பிறந்தநாளுக்கு இருவரும் மறுபடி வருவார்கள். அன்றைக்கு அம்மா முன்னாலேயே இவள் வாயடைத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் கணவர் சோபாவில் படுத்தபடி போனில் வீடியோ பார்த்து வழி சொன்னார். சோடா உப்பைத் தூவி வினிகர் ஊற்ற வேண்டுமாம். ஊற்றினேன், பொங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா" என்றார். நுரை அடங்கியதும் கருப்பு அப்படியே இருந்தது. அவர் மறுபடி படுத்துவிட்டார்.

மறுநாள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தான் வேலை செய்யும் பட்டறையிலிருந்து, இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு உடைந்தது ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முனையில் துணியைச் சுற்றி, கைப்பிடி என்றார்.

"இத்த வச்சி சுரண்டிட்டு, புதுசா வெள்ளை சிமெண்ட் ரொப்பிடு. ஈஸி."

அத்தனை ஈஸியான வேலையை அவரே செய்யலாமே என்றால் முட்டி வலியாம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் மட்டும் வராத முட்டி வலி.

கதவோரம் ஒரே ஒரு கோட்டைச் சுரண்டி, தூசியைத் துடைத்து, சிமெண்டைக் குழைத்து அப்பினேன். பளிச்சென்றது. வந்தது வினை. அந்த ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் மிச்ச ஹால் முழுவதும் சாக்கடையாகத் தெரிந்தது. இனி நிறுத்தவும் முடியாது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு தினமும் மண்டியிட்டேன். எந்தச் சாமி முன்னாலும் நான் அவ்வளவு நேரம் முட்டி போட்டதில்லை. விரலெல்லாம் கீறல். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து நன்றாக வந்திருக்கிறது என்றபோது, "பிளேடு நான் கொண்டாந்தது" என்றார் இவர்.

பிறந்தநாளன்று ஹால் புதுவீடு மாதிரி இருந்தது. முதலில் வந்த அம்மா உள்ளே கால் வைக்கவே தயங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கிய நாத்தனார் தோளில் நீளமாக ஒரு சுருள். வாசலிலேயே அதை அண்ணனிடம் நீட்டினாள்.

"அன்னிக்கி அண்ணி மூஞ்சி வாடிப்போச்சிண்ணே. அதான் தரையை மூட ஷீட்டு வாங்கியாந்தேன்."

நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் என் கணவர் என் அம்மாவை நகரச் சொல்லி, மூலைக்கு மூலை விரித்துவிட்டார். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. எப்போதும் தரையையே பார்ப்பவள், அன்றைக்கு மட்டும் ஷீட்டில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் ஊடு மாதிரி கீது அண்ணி."

டம்ளரை அவளிடம் கொடுக்கவில்லை. கீழே வைத்தேன். மறுபடி முட்டி போட்டு, ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

"பாரு."

குனிந்து பார்த்தாள்.

"அட, வெள்ளையா கீதே. இன்னா, அண்ணன் வேலையா?"

"பிளேடு நான் கொண்டாந்தது" என்றார் அவர்.