பதினைந்தில் இரண்டா, நான்கா

மாடிப்படிகளை எண்ணாமல் எனக்கு ஏறத் தெரியாது. நாற்பத்தைந்து வயது இன்னும் முடியவில்லை; அதற்குள் வீட்டில் என்னைக் கிழவன் என்கிறார்கள். மாத்திரைகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு மூன்றாம் தடவையும் எண்ணுகிறேனாம். இந்த வழக்கம் பதினொரு வயதிலேயே வந்துவிட்டது. அதை நம்பித்தான் மாமா என்னை நடுவராக்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. அம்மாவின் தம்பி மஸ்கட்டிலிருந்து வந்து, தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஆறு மாத விடுப்பு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கெல்லாம் சோப்பும் தைலமும் கொண்டுவந்தவர், அக்காவுக்கும் எனக்கும் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தையும் இருபது முகம் கொண்ட ஒரு பகடையையும் கொடுத்தார். அவரோடு அறையில் இருந்த மேஸ்திரி ஊரைவிட்டுப் போகும்போது விட்டுச்சென்றவையாம். புத்தகத்தில் இருநூற்று ஐம்பத்தாறு பக்கங்கள், எட்டைக் காணவில்லை.

அந்த விளையாட்டுக்குக் கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் வீரன், இன்னொருவர் மந்திரக்காரி என்று வைத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நடுவர் அரக்கர்களுக்காகப் பகடை உருட்டுவார். புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்பும் சொல்வார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொன்னேன். அக்கா மந்திரக்காரி. மாமாவின் வீரனுக்கு இரண்டு கைகளிலும் வாள்.

இரண்டு வாள்களோடு சண்டை போடுகிறவனுக்கு ஒரு முறைக்கு இரண்டு வீச்சு உண்டு. அதற்கு ஈடாக, பகடையில் விழும் எண்ணிலிருந்து முதல் கைக்கு இரண்டும் துணைக் கைக்கு நான்கும் கழிக்க வேண்டும். துணைக் கையில் இருப்பது சின்ன வாளாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. எது முதல் கை என்று புத்தகம் சொல்லவில்லை. அந்த எட்டுப் பக்கங்களில் ஒருவேளை இருந்திருக்கலாம்.

பதினான்காம் நாள் ஆட்டத்தில், பாலத்தைக் காவல் காத்த அரக்கனிடம் மாமாவின் வீரன் மாட்டிக்கொண்டான். இருவருக்குமே உயிர் ஊசலாடியது. யாருடைய வீச்சு முதலில் விழுகிறதோ அவர் பிழைப்பார். கழித்தது போக மாமாவுக்குப் பதின்மூன்றுக்குக் குறையாமல் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த வீச்சு அரக்கனுடையது, அதில் சாவுதான். வலது கைக்கு ஆறு விழுந்தது, அது தேறாது. இடது கைக்குப் பதினைந்து. நான் நான்கைக் கழித்துப் பதினொன்று என்றேன்.

“நாலு ஏம்ல கழிக்க? பெரிய வாளு இடக்கையிலதான இருக்கு? மொத நாளே எழுதியிருக்கு பாரு. அப்ப இடக்கைதான் மொதல் கை.”

ஆட்டக் கணக்கு எழுதிவந்த நோட்டைப் பார்த்தேன். எழுதியிருந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சாவு வந்த பிறகு ஓட்டை தேடுகிறார் என்று பட்டது. யோசித்து ஒரு விதியை நானே உண்டாக்கினேன்: சாப்பிடுகிற கைதான் முதல் கை.

“அப்பம் மாமாவுக்கு மொதல் கையே கெடையாதுலே. அவிய கரண்டிலல்லா சாப்பிடுதாவ” என்றாள் அக்கா.

அது உண்மைதான். சோற்றைப் பிசைந்து, கரண்டியும் போட்டு, எல்லோரும் எழுந்த பிறகுதான் அம்மா அவருக்கு வைப்பாள். வெளிநாட்டுப் பழக்கம் என்று அப்பா முணுமுணுப்பார். கரண்டியைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

மாமா பகடையை எடுத்து நோட்டின்மேல் வைத்தார். பிறகு, சண்டையில் ஒருத்தனுக்கு வலது கை போய்விட்டால் அப்போதும் இடது கைக்கு நான்கு கழிப்பாயா என்று கேட்டார். புத்தகத்தை முழுக்கப் புரட்டினேன். அப்படி ஒரு விதி இல்லை. இல்லாததை நான் எப்படிச் சேர்ப்பது? கழிப்பேன் என்றேன்.

“அப்ப செத்துட்டேன்னு எழுதிக்கோ” என்றார்.

‘இறந்தான்’ என்று எழுதினேன். அடியில் கோடும் போட்டேன்.

மறுநாள் கல்லிடைக்குறிச்சிக்குப் பெண் பார்க்கப் போனோம். மாமாவுக்கு முப்பத்து மூன்று வயது. இது ஐந்தாவது ஜாதகம், இதுதான் எல்லாம் பொருந்தியது. இதை விட்டால் இனி இல்லை என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால், எண்ணிக்கைக்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா வீட்டுக்குக் காவல்.

அந்த வீட்டில் மாமா எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் வாங்கினார். முதலில் தண்ணீர்ச் செம்பு, அடுத்து காபித் தம்ளர், அதன் பின் கேசரித் தட்டு. பெண்ணின் அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. வெளிநாட்டில் இருந்தும் மரியாதை மறக்கவில்லை என்று என் அப்பாவிடம் சொன்னார். கதவோரம் நின்றிருந்த பெண்ணும் லேசாகச் சிரித்தாள். உள்ளே யாரோ வெற்றிலைத் தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அம்மாவின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு.

நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பொருள், மூன்று தடவையும் ஒரே மாதிரி. இடது கை போய்ப் பிடித்தது. வலது கை பின்னால் வந்து அடியில் ஒட்டிக்கொண்டது. அதன் விரல்கள் மடங்கவே இல்லை. தம்ளரைக் கீழே வைக்கும்போதும் அப்படியே. நான் சொன்ன தீர்ப்பு தவறு. நடுவர் தவறு செய்தால் அதைத் தானே திருத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் மாமாதான்.

எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

“மாமா, கணக்க மாத்திட்டேன். ஒங்களுக்கு இடக்கைதான் மொதல் கை. வலக்கை ஒண்ணையும் பிடிக்கல, சும்மா ஒட்டிக்கிட்டுத்தான் வருது. பதினஞ்சுல ரெண்டுதான் கழியும். நீங்க சாவல.”

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிள்ளை ஏதோ விளையாட்டைச் சொல்லுகிறான் என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நிறைந்திருந்த அந்தச் செம்பை மாமாவின் பக்கம் பைய நகர்த்தினார்.

“தப்பா நெனைக்காதிய. இத வலக்கையால மட்டும் தூக்குங்க, போதும்.”

மாமா செம்பைப் பார்த்தார். தெருவில் அப்பளக்காரர்களின் சைக்கிள்கள் போயின, நான்கு எண்ணினேன். ஐந்தாவது போகும்போது மாமா சொன்னார்.

“தூக்க வராதுங்க. கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்துட்டேன். எட்டு மாசம் ஆச்சு.”

அந்தப் பெண்தான் கதவோரத்திலிருந்து வந்து, செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரக்கத்தில் எடுத்தாளா, பேச்சு முடிந்தது என்று எடுத்தாளா என்பதற்கு இன்றுவரை எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. வெற்றிலைத் தட்டு வெளியே வரவில்லை. மாமாவுக்கு அதன் பின் ஆறாவது ஜாதகமும் வரவில்லை. மறைத்துக் கட்டிவைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அது நியாயமா என்று சில சமயம் என்னையே தேற்றிக்கொள்வேன். அதிக நேரம் நிற்காத தேறுதல் அது.

திரும்பும் ரயிலில் அம்மா அழுதாள். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்; அடிக்கவில்லை. அப்பா எதிர் ஜன்னலுக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் கை விஷயம் முதலிலிருந்தே தெரியும், அப்பாவுக்குத் தெரியாது என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ‘இறந்தான்’ என்பதை அடித்துவிட்டு ‘உயிருடன் இருக்கிறான்’ என்று எழுதி, மாமாவின் முன்னால் நீட்டினேன். படித்தார்.

“சரியாத்தாம்ல தீர்ப்பு சொல்லியிருக்க.”

சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். வயலுக்கு அப்பால் ஆறு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு மறைந்துவிட்டது.

செத்த வீரனைப் பிழைக்க வைத்திருக்கிறேன். ஒரு மனிதர் இதற்குக்கூடச் சந்தோஷப்பட மாட்டாரா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கேயாவது தப்பு விட்டிருப்பேனோ என்ற பயத்தில் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பதினைந்தில் இரண்டு போனால் பதின்மூன்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது.