பிரேக் பேட் மாற்றிய காலை

எனக்கு ஒரு கெட்ட குணம். எந்த வேலையையும் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பைக்கின் முன் பிரேக்கைப் பிடித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது. மெக்கானிக் கடைக்குப் போனால் அரை நாள் உட்கார வைத்துவிடுவார்கள். நானே பேட் வாங்கி வந்து வாசலில் பிரித்துப் போட்டேன். அன்று பத்து மணிக்கு மனைவியை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவளுக்கு ஏழாவது மாதம்.

செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்தபடி இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். பழைய பேட் தகடு வரை தேய்ந்திருந்தது. புது பேட் தடிமன், உள்ளே நுழைய இடமில்லை. பேடைத் தள்ளுகிற பிஸ்டனை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உள்ளே அழுத்தினேன். பேட் உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கினேன். வீடியோவில் அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான். வளவளவென்று என்ன பேச்சு! அணைத்துவிட்டேன்.

“கெளம்பு, டைமாவுது” என்று கத்தினேன்.

ஒரு கையில் பை, இன்னொரு கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். எங்கள் பக்கம் புது வண்டியோ, பழுது பார்த்த வண்டியோ, முதலில் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள்.

“ரெண்டு பேட் மாத்தனதுக்கெல்லாம் பளமா? ஜூஸாவது போட்டுக் குடிச்சிருக்கலாம்” என்றேன்.

“நசுக்காத வண்டியில நான் ஏற மாட்டேன் மாமா. நீ இன்னா வேணா பேசிக்கோ.”

பழத்தை முன் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். நான் எரிச்சலோடு உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல் இரண்டு காலாலும் உந்தினேன். பழம் நசுங்கியது. எங்கள் வாசல் ரோட்டைப் பார்த்து இறங்கும் சரிவு. நிறுத்தலாம் என்று முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி பிடித்தேன். ஊகூம்! பதற்றத்தில் கால் பிரேக் ஞாபகத்துக்கே வரவில்லை. செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து எப்படியோ ரோட்டோரம் நின்றேன். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று என் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வர, லீவரைப் பல தடவை அழுத்த வேண்டும். அணைத்த வீடியோவை மறுபடி போட்டால், மீதியில் அந்த ஆள் அதைத்தான் சொல்லியிருக்கிறான். அழுத்த அழுத்த லீவர் இறுகியது. பழத்தைக் கிண்டல் செய்த வாயை என்ன செய்வது!

“இன்னாச்சி மாமா?” என்று இறங்கி வந்தாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் நாக்கு போனது.

“பிரேக் புடிக்கல. என் தப்பு. நீ பின்னால உக்காந்துகினு இருந்திருந்தா...”

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“இன்னொரு தபா உருட்டு, பாக்கறேன்” என்றாள்.

படி வரை தள்ளிக்கொண்டு போய் உருட்டினேன். பிடித்தது.

“இன்னொரு தபா.”

நான்கு முறை உருட்டிக் காட்டினேன். பிறகு பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திருப்பத்துக்குத் திருப்பம் “மெள்ள, மெள்ள” என்று உயிரை எடுப்பவள், அன்று ஆஸ்பத்திரி வரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு எத்தனையோ பேர் எவ்வளவோ நல்லது செய்திருக்கிறார்கள். நான் செய்த தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு என் பின்னால் ஏறி உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.