கூடையில் இருவருக்குத்தான் இடம்

போன மாதம் அந்தத் தொடர் மறுபடியும் கண்ணில் பட்டது. நான் பள்ளியில் படித்த காலத்தில் சனிக்கிழமை காலையில் மலாய்க் குரலில் வந்த சித்திரத் தொடர் அது. இப்போது கைப்பேசியிலேயே முழுவதும் பார்க்கலாம். வேலை முடிந்து வந்து, தட்டில் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கதாநாயகனும் அவனுடைய மந்திர வாளும் வரும் இடங்களையெல்லாம் தள்ளிவிட்டேன். எனக்கும் அம்மாவுக்கும் எப்போதுமே அந்த நகரத்துப் போலீஸ்தான் முக்கியம்.

அந்த நகரம் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் இரண்டு பக்கப் பாறையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். தெரு கிடையாது, எல்லாம் கயிறும் கப்பியும்தான். போலீஸ் நிலையம் என்று தனியாக ஒரு கட்டடமும் கிடையாது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் வாசலில் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கூடை ஆடி ஆடி வந்து நிற்கும். உள்ளே ஒரு போலீஸ்காரர் இருப்பார். முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நம் பெயரைக் கேட்பார். புகார் கொடுப்பவர் ஏறி எதிரில் உட்கார்ந்ததும் கூடை நடுப்பள்ளத்துக்குப் போய் நிற்கும். அங்கே வைத்துத்தான் விசாரணை. இரண்டு பேருக்கு மேல் ஏறினால் கூடை நகராது. அதனால் மாமனுக்காக மச்சான் பேசுவது, பெண்டாட்டிக்காகப் புருஷன் பேசுவது எல்லாம் அந்த ஊரில் செல்லாது.

இன்னொரு விதியும் உண்டு. மூடுபனிக்குள் வாழும் ஒரு கூட்டம், யாருடைய முகத்தை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளும். ஆகவே இன்னார்தான் திருடினார் என்று பெயர் சொல்லிப் புகார் கொடுக்க முடியாது. சொன்னால் கூடையின் மணி அடிக்கும், போலீஸ்காரர் சலிக்காமல் முதலிலிருந்து கேட்பார். கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கை எப்படி இருந்தது, நடை எப்படி, எந்தப் பக்கம் போனான். அதற்குப் பிறகு கயிறு பார்க்கும் பிரிவு வந்து, எந்தக் கயிறு புதிதாகத் தேய்ந்திருக்கிறது என்று தடவித் தடவிப் பார்க்கும். கடைசியில் எல்லாரும் கூடிப் பேசுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்தான் முதலில் பேச வேண்டும். படைத் தலைவர் ஒரு நீர்நாய். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு பாதி நேரம் தூங்கும், ஆனால் எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

அம்மா அப்போது கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரவு வேலை வாரத்தில், சனிக்கிழமை காலை பேருந்தை விட்டு இறங்கி வரும்போது கண் இரண்டும் கோவைப்பழம். போய்ப் படுங்கள் என்றால் கேட்க மாட்டார். கோப்பியைக் கலக்கிக்கொண்டு, மாதா படத்துக்குக் கீழே இருந்த தொலைக்காட்சிக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

“இவங்களுக்கெல்லாம் ஷிப்ட் எப்படிடி? ராத்திரி கூடைல யாரு இருப்பா? ஓ.டி. குடுப்பானா?” என்று கேட்பார். ஓவர்டைம் கொடுக்காத வேலையை அம்மாவால் கற்பனையில்கூட ஏற்றுக்கொள்ள முடியாது.

“அந்த நீர்நாய்க்கு மட்டும் நல்ல வேலை லா, தூங்குறதுக்குச் சம்பளம்” என்பார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து. பார்க்கவே இல்லை என்று சாதிப்பார், ஆனால் கதை முழுக்கத் தெரியும். அம்மா பாதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போவார். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

புக்கிட் செலம்பாவ் பக்கம், ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் குடியேறிய வீட்டு வரிசைகளில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் லோரோங்கில், அதாவது சந்தில், பின்வரிசையில் இருந்த ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே பேருந்து, பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர்கள் கோயிலுக்குப் போவார்கள், நாங்கள் சர்ச்சுக்குப் போவோம். தீபாவளி முறுக்கும் கிறிஸ்துமஸ் கேக்கும் வேலிக்கு மேல் கைமாறும். அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தன் சிவப்பு மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டே இருப்பான். ஒருமுறை ரோட்டில் மோட்டார் பந்தயம் விட்டுப் பிடிபட்டவன். அதிலிருந்து எங்கே என்ன காணாமல் போனாலும் நான்கு பேர் அவன் வீட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்குப் பதினைந்து வயதாகி மூன்றாம் படிவம் படித்த வருஷம், காலை வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்த அம்மாவின் கழுத்திலிருந்து தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டாரில் இரண்டு பேர். ஆன்ட்டி அன்றைக்கு விடுப்பு, அதனால் அம்மா தனியாக வந்தார். சங்கிலியோடு சிலுவை வைத்த தாலியும் போயிற்று. கழுத்தில் ரத்தக்கோடு.

அப்பா நேராக எங்கள் குடியிருப்புத் தலைவர் வீட்டுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, யாரும் தனியாகப் போக மாட்டார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி பேசினார், வெளியே வந்த பிறகு தலைவர் பேசினார், அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஆள் ஒருவர் முன்னால் நின்று பேசினால்தான் காரியம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. தலைவரும் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் காலுக்கு முன்னால் ஓடும்.

அப்பாவின் காடியில், அந்தப் பழைய காரில், நாங்கள் நால்வரும் போகும்போதே தலைவர் கேட்டார்: “மோட்டார் என்ன கலர்மா?”

“செகப்பு.”

“அப்புறம் என்ன? நம்ம லோரோங்ல செகப்பு மோட்டார் யாரு வச்சிருக்கான்? பேரச் சொன்னாத்தான் போலீஸ் சீக்கிரம் எறங்கும். நான் பாத்துக்கறேன்.”

அம்மா கைக்குட்டையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அப்பா கியரை மாற்றினார்.

பாலாயில் ஒரு பெண் போலீஸ் கணினிக்கு முன்னால் இருந்தார். கேள்வி எல்லாம் அம்மாவைப் பார்த்து, பதில் எல்லாம் தலைவரிடமிருந்து. அவருடைய மலாய் தண்ணீராக ஓடியது. கடைசியில் பின்வரிசை அண்ணனின் பெயரையும் சொல்லிவிட்டார். தட்டிக்கொண்டிருந்த பெண் போலீஸ் நிறுத்திவிட்டு, “முகத்தைப் பார்த்தீர்களா?” என்று அம்மாவைக் கேட்டார். “பார்த்தார், தெரிந்த பையன்தான்” என்றார் தலைவர்.

அம்மா கைக்குட்டையை மடியில் வைத்தார். “அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றார்.

தலைவரிடம் அப்படி யாரும் சொன்னதே இல்லை. அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். நாற்காலி கிறீச்சிட அவர் எழுந்து போன பிறகு அம்மா தன் உடைந்த மலாயில் ஆரம்பித்தார். “புவான், சாயா தாக் நம்பாக் முக்கா.” முகத்தை நான் பார்க்கவில்லை. கண்ணாடி இறக்கிய ஹெல்மெட். பின்னால் இருந்தவனுக்குச் சாம்பல் நிற முழுக்கைச் சட்டை. இடது கையால் இழுத்தான். சிடாம் கிரி ஊர்ப் பக்கம் போனார்கள். மோட்டார் சிவப்பு என்பதையும் மறைக்கவில்லை. வார்த்தை வராத இடத்தில் கையால் காட்டினார். பெண் போலீஸ் பொறுமையாகக் காத்திருந்து தட்டினார். நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு, என் அம்மாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

வெளியே வந்ததும் அப்பா குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்: “ஒருவேள அவனாவே இருந்தா?”

“இருந்தா போலீஸ் பிடிக்கட்டும். பாக்காத மூஞ்சிய நான் எப்படிச் சொல்றது? என் தாலி போச்சு. இன்னொருத்தி புள்ளையவும் நானே தூக்கிக் குடுக்கணுமா?”

தலைவர் எங்கள் காடியில் ஏறவில்லை. தெரிந்தவர் யாருடைய மோட்டாரிலோ போய்விட்டார். போனவர் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, தான் பெயர் சொன்னதையும் அம்மா தன்னை வெளியே அனுப்பியதையும் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தார். பொழுது சாய்வதற்குள் அது பின்வரிசைக்குப் போய்விட்டது. அன்றைக்கு ஆன்ட்டி வேலிப்பக்கம் வரவே இல்லை. அவருக்குக் கோபமா, பயமா என்று தெரியாமல் அம்மா குசினியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார். தாலி கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவும் இல்லை.

மறுநாள் காலை வேலைக்கு அம்மாவோடு நானும் பேருந்து நிற்கும் இடம்வரை நடந்தேன். சந்து முனையில் ஆன்ட்டி காத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவின் முழங்கையைப் பிடித்துப் புல் ஓரமாகத் தள்ளிவிட்டு, தான் ரோட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அவர் கழுத்தில் தாலி சட்டைக்கு வெளியே கிடந்தது. பின்னாலிருந்து ஒரு மோட்டார் சத்தம் நெருங்கி வந்தது. ஆன்ட்டி தாலியை மூடவில்லை. அம்மாவின் தோளைச் சுற்றித்தான் கையைப் போட்டார்.