வாய்க்காலுக்குத் திரும்பிய துளி

பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலிலிருந்து ஒரு துளி எடுத்து, சிலைடில் விட்டு, கவர்ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மணி அடித்தது. வழக்கம்போல் சிலைடுகளைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மாணவி முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், தொடைச்சிராதீய. அது இன்னும் நீந்துது."

"ஏட்டி, கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கா இம்புட்டு?" என்றேன்.

"இப்பத் தெரியுதே. நீங்கதான டீச்சர் காட்டுனிய?"

துணியைக் கீழே வைத்துவிட்டு, சிலைடுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குற்றாலச் சாரல் எங்கள் ஊர் இலஞ்சி வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது. நனைந்தபடியே எல்லோரும் வாய்க்காலுக்குப் போனோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து சிலைடைத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள்.

இப்போதெல்லாம் அந்தப் பாடத்தை வாய்க்கால் கரையில்தான் முடிக்கிறேன். அதற்கு முன் நான் துடைத்துப் போட்ட துளிகளைத்தான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.