மாரியண்ணனுக்கு வேர்க்கும்

மாரியண்ணன் போய்விட்டார் என்ற செய்தி கைப்பேசியில்தான் வந்தது. நீலாய் பட்டணத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் காலைப் பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்ஆப் குழுவில், 'காமெடி மாரிமுத்து காலமானார். வீடு ரந்தாவ்' என்று யாரோ போட்டிருந்தார்கள். அதற்கு மேலே 'இனிய காலை வணக்கம்' என்று ஒரு ரோஜாப் படம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். 'கலை உலகுக்குப் பேரிழப்பு' என்று எழுதியிருந்தவர் எங்கள் கோயில் தலைவர். அதைப் படித்ததும் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு. அதில் பாதி தலைவர் மேல். மீதி யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவரை விவரிக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுவது அவர் பிழைப்பு. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்திலும் கோயில் மேடையிலும் மைக் பிடித்துச் சிரிக்கவைப்பார். எங்கள் வட்டாரத்தில் ரந்தாவிலிருந்து சுவா வரைக்கும் அவர் பேசாத கல்யாணம் குறைவு. குட்டையான ஆள், நல்ல தொப்பை, தோளில் எப்போதும் ஒரு துவாலை. அப்படி வேர்க்கும் அவருக்கு. மேடையில் யாராவது பொன்னாடையோடு கிட்டே வந்தால் இரண்டடி பின்னால் போய்விடுவார். "வேணாங்க, வேர்க்கும். அந்தக் காத்தாடிய இந்தப் பக்கம் திருப்புங்க, அதுவே பெரிய மரியாத" என்பார்.

பொன்னாடைக்கு அலைகிற ஊர் எங்கள் ஊர். சாமிக்குப் பட்டு சாத்த மறந்தாலும் மறப்போம், சிறப்பு விருந்தினருக்குப் போர்த்த மறக்க மாட்டோம். ஒரே பொன்னாடை மூன்று திருவிழாக்களில் மூன்று தோள் மாறியதைப் பார்த்திருக்கிறேன். கோயில் செயலாளராக அதை மறுபடி மடித்து உறையில் போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

ஒரு காமெடிக்காரரைப் போய் இத்தனை பெரிய மனிதராக நினைக்கிறீர்களே என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அவளுக்கு அவள் அத்தை கல்யாணத்தைச் சொன்னேன். என் அக்கா சரோஜா நல்ல கறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லியே சம்மதித்தவர்கள். மண்டபத்தில் பகல் விருந்து நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையோரம் வந்து மாரியண்ணன் காதைக் கடித்தார். "பொண்ணு கலரப் பத்தி ஒன்னு எடுத்து விடுங்க. கரண்டு போன ஜோக்கு இருக்குல்ல, அது." தண்ணீர் போத்தல்களோடு பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும், பெண்ணின் தம்பியான நான் வாயைத் திறக்கவில்லை.

மாரியண்ணன் மைக்கை எடுத்தார். "மாப்பிள்ளையோட தாய்மாமா ஒரு ஜோக்கு சொல்லச் சொல்றாரு. பொண்ணப் பத்தியாம். நல்ல ஜோக்குதான் போல, சொல்லும்போதே சிரிச்சிட்டாரு. அவரே வந்து சொன்னா இன்னும் நல்லா இருக்கும் லா" என்றார். சொல்லிவிட்டு மைக்கை அவர் பக்கம் நீட்டியபடியே நின்றார். மண்டபமே கைகழுவ மறந்து பார்த்தது. தாய்மாமன் தட்டிலிருந்த கோழிக்காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அத்தனை நேரமும் மாரியண்ணன் நீட்டிய கையை இறக்கவில்லை. பிறகு, "பாத்தீங்களா, காமெடி எவ்ளோ கஷ்டம்னு. அதான் என்னையக் கூப்புடுறாங்க" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மணமேடையில் மாலையால் வாயை மறைத்துக்கொண்டு அக்கா சிரித்தாள். "தாலி கட்டினவரு ஒருத்தரு, மானத்தக் காப்பாத்துனவரு ஒருத்தரு" என்று இன்றைக்கும் அவள் அத்தான் முன்னாலேயே சொல்வாள்.

சிரிக்கவைப்பது பற்றி அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "சிரிக்கிறவன் வாயத் தொறந்துதான் ஆகணும் தம்பி. தொறந்தப்பவே ஒரு கரண்டி ஊத்திடணும். புள்ளைக்கு வெளக்கெண்ண கொடுக்கிற மாதிரிதான்" என்பார்.

எங்கள் தோட்டம் கைமாறிய பிறகு, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள், மாற்று வீடு கிடைக்குமா கிடைக்காதா என்று சனங்கள் தவித்துக் கிடந்த காலம். ஒவ்வொரு திருவிழாவிலும் பகல் அன்னதானத்துக்கு முன் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வருவார். இங்கே அவர்களை ஒய்பி என்போம். பெயர் எதற்கு, இப்போது அவர் பதவியிலும் இல்லை. "உங்கள் வீட்டுப் பிரச்சினை என் வீட்டுப் பிரச்சினை. அடுத்த திருவிழாவுக்குள் சாவி உங்கள் கையில்" என்பார். நான்கு திருவிழா போயின. சாவியைக் காணோம்.

ஐந்தாவது வருடம் அவர் வரத் தாமதமானது. ஒய்பி வந்து பேசாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் நிர்வாகம் உண்டாக்கிய சம்பிரதாயம். எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது, கொட்டகையில் பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருந்தார்கள். சனங்கள் எழுந்து போய்விடாமல் பிடித்து வைக்கும்படி தலைவர் மாரியண்ணனை மேடையேற்றினார்.

"ஒய்பி வர நேரமாகுமாம். நமக்குப் பசிக்குது. அதனால அவரு பேச்ச நானே பேசி முடிச்சிடறேன்" என்று ஆரம்பித்தார். அதே செருமல், அதே கடிகாரத்தைத் தள்ளிவிட்டுக்கொள்ளும் கை, அதே "தாய்மார்களே". நான்கு வருடம் கேட்ட பேச்சு, ஒரு சொல் மாறவில்லை. "அடுத்த திருவிழாவுக்குள்..." என்று அவர் நிறுத்தியதும், "சாவி உங்கள் கையில்" என்று கொட்டகை மொத்தமும் முடித்து வைத்தது. கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் ஒய்பி வந்து கொட்டகை வாசலில் நிற்பதை எல்லாரும் பார்த்தோம். "வாங்க ஒய்பி, ஒங்க பேச்சு இப்பதான் முடிஞ்சிச்சி. சாப்பாடு போடச் சொல்லலாமா?" என்றார் மாரியண்ணன்.

ஒய்பியும் பல்லைக் காட்டினார். மேடையேறிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார். செருமினார். அதே பேச்சை முதலிலிருந்து கடைசிவரை பேசினார். வேறு பேச்சு அவரிடம் இல்லை. 'சாவி உங்கள் கையில்' என்று அவர் முடித்தபோது, ஐந்து நிமிடம் முன்பு விழுந்து விழுந்து சிரித்த அதே சனங்கள் கை தட்டினார்கள். தட்டிவிட்டு, அவரோடு படமெடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். சோறு அதற்குப் பிறகுதான். அந்த வரிசையில் மூன்றாவதாக நின்றவன் நான்.

போகும்போது ஒய்பி தலைவரின் காதில் ஏதோ சொன்னார். மறுவாரம் நிர்வாகக் கூட்டத்தில், "மாரிமுத்து இனிமே வேணாம். நாசூக்கா ஒரு கடுதாசி எழுதுங்க" என்றார் தலைவர். முடியாது என்று சொல்லியிருக்கலாம். என்னை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த திருவிழாவில் எனக்கும் ஒரு பொன்னாடை என்று அதே கூட்டத்தில்தான் முடிவாகியிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. அக்காவின் மானத்தைக் காப்பாற்றியவரை ஒரு முழத் துணிக்கு விற்றேன். பச்சைக் கரை போட்ட துணி. இன்னும் என் அலமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

எழுதினேன். 'தங்களின் கலைச்சேவையை ஆலய நிர்வாகம் பெரிதும் போற்றுகிறது. எனினும் நேரமின்மை காரணமாக இனிவரும் ஆண்டுகளில் தங்களுக்குச் சிரமம் தர விரும்பவில்லை.' செம்பனை ஆலை வாசலில் குலை லோரிகள் வரிசை பிடித்திருந்த இடத்தில் போய் நானே கொடுத்தேன். லோரியில் உட்கார்ந்தபடி இரண்டு முறை படித்தார். துவாலையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல தமிழு தம்பி. வாழ்த்துறீங்களா, போகச் சொல்றீங்களான்னே தெரியல" என்றார். "பசியாறியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் மேடையில் அவர் ஏறவில்லை. திருவிழாவுக்கு மட்டும் தவறாமல் வந்து பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஊற்றுவார். என் இலைக்கும் ஊற்றியிருக்கிறார். நானும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டிருக்கிறேன்.

துக்க வீட்டில், பெட்டிக்குள் கிடந்தவர் மார்பில் ஏழு பொன்னாடைகள் கிடந்தன. ஏழாவதைப் போர்த்திவிட்டுத் தலைவர், "மக்கள் கலைஞனை இழந்துவிட்டோம்" என்று தழுதழுத்தார். மாரியண்ணன் மனைவி ராஜம்மாக்கா எழுந்து வந்தார். ஒவ்வொரு பொன்னாடையாக எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார்.

"ஏம்மா?" என்றார் தலைவர்.

"அவருக்கு வேர்க்குங்க" என்றார் ராஜம்மாக்கா.

தலைவர் வாசலுக்கு வந்து என் தோளில் கை போட்டார். "நம்ம திருவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பழசெல்லாம் வேணாம், நல்லதா எழுதுங்க." அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு அப்போதும் துணிச்சல் வரவில்லை. தலைவரே, நீங்கள் கேட்ட பக்கம் இதுதான். போட மாட்டீர்கள் என்று தெரியும். வேறு இடம் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் ராஜம்மாக்கா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். மடிப்பு கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. என் கடிதம்.

"எங்க பேசப் போனாலும் கடைசியா இதத்தான் தம்பி படிப்பாரு. 'சிரமம் தர விரும்பவில்லை'ன்னதும் சனம் அப்படிச் சிரிக்கும். இந்த மாதிரி ஒன்ன நானா யோசிச்சி எழுத முடியுமா ராஜம்மான்னுவாரு."

"யாரு எழுதுனதுன்னு கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"கேப்பாங்க. யாரோ படிச்ச புள்ளன்னு சொல்லிடுவாரு. கீழ கையெழுத்து இருக்குல்ல, அந்த எடத்த மடிச்சிப் புடிச்சிக்கிட்டுத்தான் படிப்பாரு. அது கொழந்தகுட்டிக்காரப் புள்ள, பேரு வெளிய வரக் கூடாதும்பாரு."

அந்தக் காகிதம்தான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன். மேலே வரிகளெல்லாம் அவர் கைவியர்வையில் ஊறி மங்கியிருந்தன. மடிப்புக்குக் கீழே என் கையெழுத்து மட்டும் நேற்றுப் போட்டதுபோல் அழியாமல் இருந்தது.

இத்தனை வருடம் அவர் மடித்து வைத்ததை இதோ பிரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கோவிந்தராஜு
முன்னாள் ஆலயச் செயலாளர்