ஒரே கத்திச் சகலன்மார்

ஐயாவுக்கு ஒரு சகலன் இருந்தார். ஆனால் அம்மாவுக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. இது எப்படி என்று ஆராவது கேட்டால், "ரெண்டு பேரும் ஒரே கத்தியைக் கட்டினனாங்கள், பிறகென்ன?" என்பார் ஐயா. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஒரே கிழமையில், ஒரே டொக்டரின் கையால் வயிறு வெட்டிக்கொண்டவர்கள் அவர்கள். இரண்டு பேருக்கும் இரைப்பையில் புற்றுநோய். கட்டில்களும் பக்கத்தில் பக்கத்தில். ஐயா உரும்பிராயில் வெங்காயம் போடுகிறவர். மற்றவர் குருநகரில் வலை வீசுகிறவர், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர். இந்த நோய், இந்த வருத்தம் வந்திராவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டே இருக்கமாட்டார்கள். நான் அவரைக் குருநகர் மாமா என்று கூப்பிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிற வயது.

சண்டையால் கரண்டும் பெற்றோலும் இல்லாத காலம் அது. அம்மாவும் நானும் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவோம். மாமாவின் வயிற்றில் இருந்த கட்டி கைக்கே தட்டுப்பட்டதாம். டொக்டருக்குப் படிக்கிற பெடியள் வரிசையாக வந்து அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். ஐயாவின் வயிற்றில் அப்படி ஒரு கட்டியும் இல்லை. இரைப்பைச் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான் என்று கேள்வி. ஆகவே எங்கள் வீட்டில் எல்லோரும் குருநகர்க் குடும்பத்துக்காக இரக்கப்பட்டோம். இரக்கப்படுவதில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. நல்லூர் முருகனுக்கு ஐயாவின் பேரில் வைத்த நேர்த்திக்கடனில் வேதக்கார மனுசனையும் சேர்த்துக்கொண்டார். மாமாவின் பெண்சாதி கண்ணைக் கசக்கினால், "அழாதையுங்கோ அக்கா, வெட்டி எடுத்தால் எல்லாம் சரிவரும்" என்பார். சரிவராது என்பதை வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லுவார்.

வெட்டி எடுத்த துண்டுகளைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பாஸ் இல்லாமல் ஆரும் அந்தப் பக்கம் போகமுடியாத நாட்கள். "எங்களுக்குத்தான் பாஸ் இல்லை சகலன். எங்கடை வயிறு ரெண்டும் சோடியாய்க் கொழும்பு பாக்கப் போட்டுது" என்று மாமா சொல்ல, ஐயா தையல் நோக நோகச் சிரித்தார்.

அந்த முடிவு ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதைக் கேட்க மாமாவும் என் சித்தப்பாவும் ஒன்றாய்ப் போனார்கள். டொக்டர் சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை, நான் வளர்ந்த பிறகுதான் சித்தப்பா எனக்குச் சொன்னார்.

"வருத்தத்தின்ரை பேர் ஒண்டுதான் தம்பி, ஆனால் வகை வேறை. மற்றவருக்கு அது ஓரிடத்திலை திரண்டு நிண்டுது. சுத்திவர வெட்டி எடுத்திட்டம். அவர் கனகாலம் இருப்பார். உங்கடை அண்ணைக்கு அது திரளவே இல்லை. சுவர் முழுக்க ஊறிப் பரவியிருக்கு, வெட்டின விளிம்பிலையும் கிடக்கு. உது திரும்பி வரும்."

சித்தப்பா தோட்டக்காரன். மண்ணில் கிடக்கிற கல்லைக் கிண்டி எடுத்து எறிந்துவிடலாம், கோரையை எத்தனை தரம் பிடுங்கினாலும் கிழங்கு உள்ளே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். கட்டி இல்லை என்று நாங்கள் அவ்வளவு சந்தோசப்பட்டோமே, கடைசியில் அந்தக் கட்டி இல்லாததுதான் வினையாகப் போய்விட்டது. அவர் வெளியே வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று குருநகர் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். இரண்டு பேருமாய் ஒரு முடிவெடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தானாம். போகப் போகச் சுகம் வருமாம்" என்றார்கள்.

ஐயா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு அளவுகோல் குருநகர் மாமாதான். பசிக்கவில்லை என்றால், "சகலனுக்குப் பசிக்குதாமோ?" என்று கேட்பார். மெலிந்துபோனால், "சகலனும் மெலிஞ்சுதானே போனார்" என்பார். அந்த மனுசன் ஒருநாள் தெம்பாக வந்து முன்னால் நின்றால் ஐயாவின் மனம் விட்டுப்போகும். ஐயா சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். சித்தப்பாவுக்கு அதுதான் பயம். நான் ஒன்றும் அறியாமல் வெங்காயப் பாத்திக்குள் விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். ஐயாவுக்குச் சொதி வைக்க இரண்டு விளைமீன் கொண்டுவருவார். ஐயோ, அவர் வந்து நிற்கிற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! தோளிலிருந்து வழுகி விழுகிற மாதிரி ஒரு தொளதொளத்த சட்டை. ஒரு கை வயிற்றில். விறாந்தைப் படி ஏறுவதற்குள் இரண்டு தரம் "யேசுவே" என்பார். அம்மா இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்து வைப்பார். மாமா இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "இறங்குதில்லைத் தங்கச்சி" என்று தள்ளிவைத்துவிடுவார். சாய்மனைக் கதிரையில் கிடக்கிற ஐயாவுக்கு உடனே உற்சாகம் வந்துவிடும். "என்ன சகலன் நீர், இவ்வளவுதானோ? இஞ்சை பாரும் என்னை" என்று கிண்ணத்தை முடித்துக் காட்டுவார். கிழமையில் அந்த ஒரு நாள்தான் ஐயா ஒழுங்காய்ச் சாப்பிட்டார். மாமா போன பிறகு அம்மா, "பாவம் அந்த மனுசன், கனநாளைக்குத் தாக்குப்பிடிக்காது" என்று பெருமூச்சு விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒழுங்கைப் பக்கத்து வேலியில் நாய் புகுந்து வருகிற பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ஆரோ உரத்துப் பாடிக்கொண்டு சைக்கிளில் பறந்து வந்தார்கள். பார்த்தால் நம்முடைய குருநகர் மாமா! மதகடியில் இறங்கினார். போட்டிருந்த சட்டை உடம்போடு பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மடித்துக் கூடைக்குள் வைத்தார். அதே கூடைக்குள்ளிருந்து அந்தப் பெரிய சட்டையை எடுத்து மாட்டினார். தலைமயிரைக் கையால் கலைத்தார். முதுகை வளைத்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு, "யேசுவே யேசுவே" என்று எங்கள் படலையை நோக்கி நடந்தார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கள்ள மனுசன்! எங்கள் அம்மாவை இப்படி ஏமாத்திப் பேய்க்காட்டலாமா? அவர் திரும்பிப் போகும்போதும் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். மதகில் குந்தியிருந்து ஒரு பார்சலை அவிழ்த்து ரொட்டியும் சம்பலும் ஆவலாதியாக, அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் உடனே போகவில்லை. அந்தப் பெரிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படி இருக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஓடிப்போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "மாமாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை ஐயா. எல்லாம் நடிப்பு!"

ஐயா திடுக்கிடவில்லை. "மெல்லக் கதை மோனை, கொம்மாவுக்குக் கேக்கப்போகுது" என்றார். "எனக்கு அது எப்பவோ தெரியும். அவன்ரை கழுத்தைப் பாத்தனியே? சட்டையைப் பெரிசாக்கலாம், கழுத்தைச் சின்னனாக்கேலுமே?"

"அப்ப ஏன் உவர் நடிக்கிறார்?"

"நான் சாப்பிடவேணும் எண்டு."

"நீங்கள் ஏன் தெரியாத மாதிரி இருக்கிறியள்?"

ஐயா படலைப் பக்கம் பார்த்தார். "அவன் வரவேணும் எண்டுதான்" என்றார். "நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, என்ன?"

எனக்குப் பெரிய புளுகம், தலைகால் புரியாத சந்தோசம். ஐயாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் அல்லவா! அதன் பிறகு மாமா வந்து முனகும்போதெல்லாம் நான் பாவாடையை வாய்க்குள் திணித்துச் சிரிப்பை அடக்குவேன். ஐயா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அவர் கிண்ணத்தில் ஊற்றுகிற கஞ்சி மட்டும் வரவரக் குறைந்துகொண்டு போனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாவுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. அன்று காலமையே அம்மாவைக் கூப்பிட்டு, "இண்டைக்குக் கஞ்சி வேண்டாம். சகலனுக்குச் சோறு கறி வடிவாய்ச் சமை" என்றார். அம்மா ஒன்றும் விளங்காமல் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார்.

மாமா வழக்கம்போல வளைந்து வந்தார். குத்தரிசிச் சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், முருங்கையிலை வறை, சொதி என்று சாப்பாட்டுக் கோப்பை நிறைய வைத்ததைக் கண்டதும், "ஐயோ தங்கச்சி, எனக்கு ரெண்டு வாய்..." என்று தொடங்கினார்.

"விடும் சகலன்" என்றார் ஐயா. குரல் காற்றுப் போலத்தான் வந்தது. "எனக்குத் தெரியும், நீர் நல்லாய்த்தான் இருக்கிறீர். எனக்கு அது சந்தோசம். இண்டைக்கு என்ரை கண்ணுக்கு முன்னாலை வயிறு முட்டச் சாப்பிடும். நான் பாக்கவேணும்."

மாமா ஐயாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். முதுகு தன்பாட்டில் நிமிர்ந்தது. பிறகு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். கோப்பை முடிய அம்மா இன்னும் போட்டார். அதையும் சாப்பிட்டார். கண்ணீர் மூக்கால் வடிந்து குழம்பில் விழ விழச் சாப்பிட்டார். அம்மா அகப்பையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். சித்தப்பா தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

எனக்கென்றால் ஒரே குதூகலம். ஆள் வசமாய் அகப்பட்டுவிட்டார்! "இன்னும் போடுங்கோ அம்மா, மாமாவுக்கு இன்னும் போடுங்கோ!" என்று கை தட்டினேன். ஒரு மனுசன் வயிறாரச் சாப்பிடுகிறார், அதற்கு ஏன் இவர்கள் எல்லோரும் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. ஐயா மட்டும் அழவில்லை. மாமாவின் கை கோப்பைக்கும் வாய்க்கும் போய் வருவதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் அவர் கதிரையில் சாய்ந்து நின்று, அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.