அட்டை போட்ட புத்தகம்

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே போதும், அந்தப் புத்தகத்தின் மேலட்டையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தட்டுப்படும். சிவப்பு மையில், அடிமட்டம் வைத்து, பேனாவை நன்றாக அழுத்திப் போட்ட கோடுகள். அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் கம்பிக்குள் அடைபட்டவன் மாதிரி, குதிரையின் முதுகில் உட்கார்ந்திருப்பான் கிழிந்த தொப்பி ஹார்லன். மூக்கருகே கொண்டுபோனால் பழைய தாளின் வாசனையோடு மெஷின் எண்ணெய் வாசனையும் கொஞ்சம் வரும். எந்தக் காமிக்ஸ் புத்தகத்துக்கும் இல்லாத வாசனை அது.

நான் காமிக்ஸ் சேர்ப்பவள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் காஞ்சிபுரத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பட்டுப்புடவை அடுக்குகிற பீரோத் தட்டைக் காலி செய்து அதில் காமிக்ஸ் அடுக்கியவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். வெளியூரிலிருந்து மனைவிக்குப் புடவை எடுக்க வருகிற சேகரிப்பாளர்கள், மனைவியைக் கடையில் விட்டுவிட்டு நைசாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே பொக்கிஷம் எது மேடம்?"

சமீபம் வரை, இலவச முகமூடியைக் கத்தரிக்காமல் அப்படியே வைத்திருந்த தீபாவளி மலரைக் காட்டுவேன். எட்டுப் பக்கம் தலைகீழாக அச்சாகி, அதனாலேயே எல்லோரும் தேடுகிற கடற்கொள்ளைக் கதையைக் காட்டுவேன். கடைசியில் உறையிலிருந்து ஹார்லனை எடுத்து வைத்தால், முகம் சுருங்கிவிடும். "அய்யோ, யார் மேடம் இப்படிக் கிறுக்கி வெச்சது?" என்பார்கள். நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்துவிடுவேன். முழுக் கதையையும் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படியான கதையாகவும் அது நெடுநாள் இல்லை.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ரேவதி. தென்னேரியில் விவசாயக் குடும்பம். தினமும் பஸ் ஏறி வந்து படித்தாள். எங்கள் தெருவில் காமிக்ஸ் என்றால் "ஆம்பளப் பசங்க புக்கு". பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்குகிற அட்டைப் படத்தை நான் நின்று பார்த்தாலே, "போம்மா, போயி பாடத்தைப் படி" என்று கடைக்காரர் விரட்டுவார். ரேவதி வீட்டிலோ ஒரு தகரப்பெட்டி நிறையக் காமிக்ஸ்! அவள் அண்ணன், சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறவர், சேர்த்து வைத்தது. அதில் 'பள்ளத்தாக்கில் பதின்மூன்று குதிரைகள்' என்ற ஹார்லன் கதைதான் அவருக்கு உயிர் என்றாள். நான் அவளை விடவில்லை. நச்சரித்தேன், என் டிபன் பாக்ஸில் இருந்த காஞ்சிபுரம் இட்லியையெல்லாம் நாலு நாள் அவளுக்கே கொடுத்தேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை கணக்கு நோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கொடுக்கும்போது போட்டாளே உத்தரவுகள்! "அட்டை போட்டுத்தான் படிக்கணும். மடிக்கக் கூடாது. எச்சி தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அண்ணன் வருது, அதுக்குள்ள பெட்டியில வெச்சாவணும். கேக்காம எடுத்தாந்துட்டேன்டீ, தெரிஞ்சா அவ்ளோதான்."

அன்று மாலையே மூன்று தடவை படித்துவிட்டேன். எச்சி தொடவில்லை, மடிக்கவும் இல்லை. ஆனால் அட்டை போட வீட்டில் காக்கித் தாள் இல்லை. அதற்கு எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் போகிற இடம் பாபு மாமா பட்டறை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பேசுகிற மனிதர், சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. அவருக்கு வரும் சரக்கைச் சுற்றியிருக்கிற காக்கித் தாளை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எங்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுப்பார். கை ஒழிந்திருந்தால் மூலை மடித்து அவரே அட்டை போட்டும் கொடுப்பார்.

ஆனால் அவருடைய தொழில் வேறு அட்டை. புடவையில் விழுகிற ஒவ்வொரு மயிலும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக இறங்கி, பிறகு நீள நீளமான அட்டைகளில் ஓட்டைகளாக மாறும். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று ஓட்டைகள் சொல்லிவிடும். எங்கள் தெருவில் அதற்கும் "அட்டை போடறது" என்றுதான் பேர். என் அப்பா தறிக்காரர். அவர் கொடுத்தனுப்புகிற டிசைன் தாளைப் பாபு மாமாவிடம் கொண்டுபோய், "அப்பா அட்டை போடச் சொன்னாரு" என்று கொடுத்துவிட்டு வருவது என் அன்றாட வேலைகளில் ஒன்று.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். எனக்குத்தான் அன்றைக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குப் போகிற அவசரம். தைமாதக் கல்யாணங்களுக்கு ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். பட்டறைக்குள் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே புத்தகத்தை நீட்டிக் கத்தினேன்: "மாமா, இதுக்கு அட்டை போட்டு வைங்க! சாயந்தரம் வாங்கிக்கிறேன்!"

அவர் மேலட்டைப் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கா? யாருக்கும்மா?"

"தென்னேரிக்கு மாமா! ரேவதி வீட்டுக்கு!"

"சாயந்தரத்துக்கெல்லாம் ஆவாது கண்ணு. ரெண்டு நாளாவது வேணும்."

ஒரு புத்தகத்துக்குக் காக்கித் தாள் சுற்ற ரெண்டு நாளா, மனுஷருக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை கட்டாயம் வேணும் மாமா, வெள்ளிக்கிழமை அங்க போய்ச் சேந்தாவணும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவரும் தென்னேரியில் யாரோ வசதியான வீட்டில் கல்யாணம், புடவையில் என்னவோ குதிரைக்காரன் புட்டா வேண்டுமாம், அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை போனேன். வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். நூல்கயிற்றில் கட்டிய ஒரு கற்றை அட்டைகளை என் கையில் வைத்து, "நம்ம ஊர்லயே இப்படி ஒரு டிசைன் கெடையாது, அப்பாகிட்டச் சொல்லு. தொப்பி மொனை கிழிஞ்சிருக்குது பாரு, அதைக்கூட விடல" என்றார். அதற்கு மேல் ஹார்லனை வைத்தார். பின்னைக் கழற்றி, மேலட்டையைத் தனியே பிரித்து, படத்தின் மேலேயே சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தார். வழக்கமாகத் தனித் தாளில் வரைந்துகொள்கிறவர்தான். நான்தானே அவசரப்படுத்தினேன்!

போட்டேன் பாருங்கள் ஒரு கூச்சல். "அய்யய்யோ, ஏமைந்தி?" என்று பதறினார் மாமா. "அட்டை போடச் சொன்னியே கண்ணு, அட்டைதானே போட்டேன்?" அப்பா வந்தார், பக்கத்துத் தறிக்காரர்கள் வந்தார்கள், விஷயம் புரிந்ததும் தெருவே சிரித்தது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம செல்விக்குக் கல்யாணத்துக்குத் தொப்பிக்காரன் புடவைதான்பா!" என்று என்னைக் காட்டிச் சொன்னார் ஒருவர். நான் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நாளைக்கு ரேவதி முகத்தில் எப்படி விழிப்பது?

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர்களைப் போலவே அவளும் சிரித்திருப்பாளோ என்னவோ. நான் செய்தது வேறு. என் புத்தகப் பையின் அடித்தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். மறுநாள் காலை அவளிடம் அந்த ஓட்டையை விரித்துக் காட்டி, "வழியில எங்கியோ விழுந்துடுச்சுடீ" என்று அழுதேன். அழுகை மட்டும் நிஜம்.

பயத்தில் சொன்ன பொய் என்றுதான் நெடுநாள் எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். அது பாதிதான். மீதியை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்தப் புத்தகம் வேண்டியிருந்தது. கோடு விழுந்திருந்தாலும் சரி, பின் கழன்றிருந்தாலும் சரி, அது என் பாவாடைகளுக்கு அடியில் எனக்கே எனக்காக இருக்க வேண்டும் என்று வேண்டியிருந்தது. என் சேகரிப்பின் முதல் புத்தகம் திருட்டுப் புத்தகம்.

ரேவதி கத்தவில்லை. பையின் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "சரி வுடு. நானே தொலைச்சேன்னு சொல்லிக்கிறேன். உன் பேரைச் சொன்னா அண்ணன் உங்க வீட்டுக்கே வந்துடும்" என்றாள். திங்கட்கிழமை கண்கள் வீங்கி வந்தாள். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம், அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாராம். என் அம்மா தைத்துக் கொடுத்த பையை நான் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். காமிக்ஸ் பேச்சு மட்டும் எங்களுக்குள் பிறகு வரவேயில்லை. பாபு மாமா அந்த அட்டைகளை வீணாக்கவில்லை. சில வருஷம் கழித்து அந்தக் குதிரைக்காரன் ஒருசில புடவைகளின் கரையில் ஓடினான் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. ரேவதி தன் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து கொடுத்தாள். கல்யாணத்தன்று, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் நான் முதலில் தேடியது அதே புத்தகத்தின் நல்ல பிரதியைத்தான். அதைத் தேடப் போய்த்தான் மற்ற புத்தகங்களெல்லாம் வந்து சேர்ந்தன. ஹார்லன் மட்டும் கிடைக்கவில்லை. போன தை மாதம் வாட்ஸப் குழுவில் சேலத்துக்காரர் ஒருவர் படம் போட்டார். கோடு இல்லை, கறை இல்லை, பின்கூடத் துருப்பிடிக்கவில்லை. பதிலுக்கு என் முகமூடித் தீபாவளி மலரைக் கேட்டார். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் பஸ் ஏறினேன். ரேவதி உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, இப்போது ஊராட்சியில் வார்டு உறுப்பினர். நான் போனபோது போனில் யாரையோ, "மோட்டாரு ஓடலன்னா என்னாத்துக்குப்பா என்கிட்ட நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினு இருக்கே?" என்று உலுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன்: அட்டை, கட்டம், பல்லால் கடித்த தையல், பாவாடைக்கு அடியில் வைத்தது, வராத காய்ச்சல்.

அவள் உள்ளே போய் ஒரு அரக்குப் புடவையை எடுத்துவந்து என் மடியில் விரித்தாள். கரை முழுக்க ஜரிகையில் குதிரைகள். ஒவ்வொரு குதிரை மேலும் ஒருவன். ஒவ்வொருவன் தொப்பியிலும் முனையில் ஒரு கிழிசல்.

"என் கல்யாணப் புடவை. கடையில அண்ணன்தான் மொதல்ல பாத்துச்சு. 'இது ஹார்லன் தொப்பி, இதத்தான் எடுக்கணும்'னு ஒரே அடம். உங்க தெருவுல போட்ட அட்டைன்னு கடைக்காரர் சொன்னாரு. புக்க உனக்குக் குடுத்தேன்னு அப்பத்தான் அண்ணன்கிட்டச் சொன்னேன், நான் தொலைக்கலன்னு அதுக்குப் புரிஞ்சுது. வீட்டுக்கு வந்ததும் பெட்டிச் சாவிய என் கையில வெச்சுட்டுது."

புடவைக் கரையை விரலால் தடவினேன். "தெரிஞ்சும் ஏன்டீ கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். கல்யாணத்துக்கு வருவேன்னு பாத்தேன். புள்ள பொறந்தப்ப பாத்தேன். எலெக்‌ஷன்ல ஜெயிச்சப்பகூட பாத்தேன்டீ."

அழுதேன். அவளும்தான். கொண்டுபோயிருந்த நல்ல பிரதியை நீட்டினேன். ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "இது எங்களுது இல்ல. எங்க புக்கு எங்க?"

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொடுக்க மனசு வரவில்லை. மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் காக்கித் தாள் தேடிப் புறப்பட்டேன். பாபு மாமா பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்; ஸ்டேஷனரிக் கடைகளில் பளபளக்கிற பிளாஸ்டிக் சுருள்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு பழைய கடையில் கிடைத்தது. பின்னைத் திரும்பக் குத்தி, நாலு மூலையும் பிசிறில்லாமல் மடித்து, லேபிள் ஒட்டி, அதில் ரேவதி என்று எழுதினேன். தென்னேரிக்குப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது வருகிறவர்கள் சேலத்துப் பிரதியைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் விரல்கனம் ஒரு இடைவெளி இருக்கிறது. அங்கே நான் வேறெதையும் செருகவில்லை.

நேற்று ரேவதி போன் செய்தாள். "பெட்டியைத் தொறந்து வெச்சிருக்கேன், உனக்கு எது வேணும் சொல்லு" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்: "ஆனா அட்டை போட்டுத்தான் படிக்கணும். எந்த அட்டைன்னு இப்பவே சொல்லிடறேன்டீ, காக்கி அட்டை!"